சுவர்ப் பக்கம்

டாக்டர் பதிவேட்டின் ஐந்தாவது கட்டத்தை இரண்டாம் முறையாக மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சிரிப்பை மறைக்க அவருக்கு ஒரு வேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

“சார், இத எழுதினது யாரு?”

“நான்தான் டாக்டர்.”

“அவங்க சொல்லச் சொல்ல எழுதினீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லல டாக்டர்,” என்றாள் என் மனைவி. “அவரே பாத்து அவரே எழுதினது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

ஐம்பத்திரண்டு தலைவலிகள், ஐந்து மாதப் பதிவு. அதில் முப்பத்தேழு வரிகளின் ஐந்தாவது கட்டத்தில் நான் இருந்தேன். டாக்டர் உரக்கப் படித்தார்: “‘கணவர், பிரிட்ஜின் பின்பக்கம் ஏன் சுடுகிறது.’ ‘கணவர், ஐஸ் ஏன் தண்ணீரில் மிதக்கிறது.’ ‘கணவர், மேற்படி ஐஸ், தொடர்ச்சி.’”

நான் லிப்ட் மெக்கானிக். ஒவ்வொரு லிப்டுக்கும் அதன் மோட்டார் அறையில் ஒரு பழுதுப் பதிவேடு தொங்கும். தேதி, நேரம், என்ன பழுது, எவ்வளவு நேரம் நின்றது, பழுதுக்கு முன் நடந்தது என்ன என்று ஐந்து கட்டங்கள். முதல் நான்கையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஐந்தாவதுதான் பதிவேட்டின் உயிர். ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் வியாழக்கிழமைதோறும் லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன இரண்டு பேர் மின்பலகையை மாற்றினார்கள், கம்பிகளை மாற்றினார்கள், கடைசியில் கட்டடத்தையே சந்தேகப்பட்டார்கள். நான் ஐந்தாவது கட்டத்தைப் படித்தேன். ‘அழுக்குத் துணி வண்டி ஏறியது’ என்று காவலாளி பதினொரு இடத்தில் எழுதி வைத்திருந்தார். வண்டியின் சக்கரம் ஏறி ஏறி, கதவு ஓடும் பள்ளத்தின் விளிம்பை நசுக்கியிருந்தது. வண்டி ஏறும்போதெல்லாம் அந்த விளிம்பு அமுங்க, கதவு ஒரு நூல் அளவு மூடாமல் நின்றது. கதவு மூடாத லிப்ட் நகரக் கூடாது, நகரவில்லை. லிப்டின் மேல் தப்பே இல்லை. ஒரு சுத்தியல், பத்து நிமிடம், முடிந்தது. ஆகவே எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஐந்தாவது கட்டத்தில் நினைத்ததை எழுதக் கூடாது, பார்த்ததை எழுத வேண்டும். பார்த்தது எழுதுபவனுக்கே பாதகமாக இருந்தாலும் எழுத வேண்டும்.

என் மனைவிக்குத் தலைவலி வந்ததை நான் பார்த்தபோது, முக்கால்வாசி தடவை அதற்குச் சற்று முன்புவரை பேசிக்கொண்டிருந்தது நானாக இருந்தது. எழுதினேன். என் மேல் பழி இல்லை என்று நிரூபிக்க ஆரம்பித்த பதிவேடு முப்பத்தேழு இடத்தில் என்னைக் கைகாட்டியது.

அவளுடைய தலைவலிக்குப் பதினொரு வயது. எங்கள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் இருக்கும் அந்த ஒரு வருட இடைவெளியை அவள் வீட்டார் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலி இடக் கண்ணின் மூக்கோர மூலையில் தொடங்கும், புருவத்தில் ஏறும், நெற்றியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். என் மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவன் கருத்தில் அது கண். அக்காவுக்கு நான்கு கண்ணாடி மாற்றிவிட்டான். எங்கள் தெரு டாக்டர் வயிறு என்றார். பக்கத்து வீட்டில் தூக்கம் போதவில்லை என்றார்கள். மாமியார் என்னைப் பார்த்தார்.

பார்த்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மனைவி குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுப்பவள். எட்டு மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் குழாய்கள் அழுவதைக் கேட்டுவிட்டு சாயங்காலம் வந்து கட்டிலில் சாய்வாள். கட்டில் சுவரை ஒட்டிப் போட்டது. சுவர்ப் பக்கம் அவள், வெளிப்பக்கம் நான். யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் எழுந்து ஓட வேண்டியவன் நான் என்பதால் அப்படி. நான் பக்கத்தில் உட்கார்ந்து அன்று பார்த்ததைச் சொல்ல ஆரம்பிப்பேன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாதவரை சாப்பாடு இறங்காது. மூன்றாவது வாக்கியத்தில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அரை மணி நேரத்தில் இரண்டு விரல்கள் புருவத்துக்குப் போகும். “போதும்ங்க. தலை வலிக்குது.”

கடைசியாக நாங்கள் வந்து சேர்ந்த இந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் பதிவேட்டை மூடிவைத்து, மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்து, பேனா ரீபிள் கனத்தில் ஒரு குழாயை எடுத்தார். அதன் நுனியில் விளக்கும் கேமராவும். எதிரே இருந்த திரையில் என் மனைவியின் மூக்கின் உட்புறம் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக நான் தினமும் பார்க்கும் மூக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஓட்டை. உள்ளே அது ஒரு கட்டடம். நடுவில் கூரையிலிருந்து தரைவரை ஒரு சுவர்; முன்பாதி வளையும் குருத்தெலும்பு, பின்பாதி கெட்டி எலும்பு. இரண்டு பக்கத்திலிருந்தும் ஈரச் சதை போர்த்திய மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. உள்ளே போகும் காற்று இந்த மடிப்புகளில் உரசி உரசிச் சூடாகி, ஈரமாகித்தான் நெஞ்சுக்குப் போகிறது. மடிப்புகளுக்குள் ரத்தம் ஏறினால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். இதெல்லாம் யாரும் சுவிட்ச் போடாமல் நடக்கிறது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“இதப் பாருங்க,” என்றார் டாக்டர்.

நடுச்சுவரிலிருந்து இடப்பக்கமாக ஒரு எலும்பு முள் நீட்டிக்கொண்டிருந்தது. ரோஜாத் தண்டில் இருக்குமே, அப்படி. அதன் நுனி எதிர்மடிப்பைக் குத்திக்கொண்டு நின்றது.

“வலிக்கிறது நெத்தியில. முள்ளு இருக்கிறது மூக்குல. எப்படி டாக்டர்?” என்று கேட்டேன்.

“மூக்குக்கு உள்ளயும் கண்ணுக்கும் நெத்திக்கும் ஒரே நரம்போட கிளைங்கதான் போகுது சார். உள்ள குத்தினா, எந்தக் கிளையிலேருந்து சேதி வந்ததுன்னு மூளைக்குச் சில சமயம் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நெத்தின்னு நெனச்சுக்கும்.”

நான் இதை மனதில் வாங்கிக்கொண்டு மனைவிக்கு எளிமையாக எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். மூக்கில் குழாயோடு, அடைத்த குரலில். “எங்க ஆபீஸ்ல தினமும் இதேதான் டாக்டர். தண்ணி வரலன்னு போன் வர்றது ஒரு தெரு. குழாய் உடைஞ்சு கிடக்கிறது நாலு தெரு தள்ளி.”

“அதேதான்மா. கரெக்டாப் புடிச்சிட்டீங்க.”

பன்னிரண்டு வருடத்தில் நான் விளக்கிய எதையும் அவள் இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டதில்லை. எனக்கு டாக்டர் மேல் கொஞ்சம் பொறாமை வந்தது.

முள்ளை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். டாக்டர் அவசரப்படவில்லை. இப்படி முள் இருக்கிற நிறைய பேர் ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறார்களாம். முள் இருக்கிறது என்பதும் முள்தான் காரணம் என்பதும் வேறு வேறு. அதற்கு ஒரு சோதனை உண்டு. வலி இருக்கும்போது வர வேண்டும். முள் குத்தும் அந்தப் புள்ளியில் மருந்தில் நனைத்த பஞ்சை வைப்பார். வீக்கம் சுருங்கி, இடமும் மரத்துவிடும். பத்து நிமிடத்தில் நெற்றி வலி போய்விட்டால் குற்றவாளி பெரும்பாலும் முள்தான். போகாவிட்டால் கத்தியை எடுப்பதில் அர்த்தமில்லை.

“போகலன்னா காரணம் என்னவா இருக்கும்?” என்றாள் மனைவி.

டாக்டர் பதிலுக்குப் பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். எனக்கு வேர்த்தது.

அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது செவ்வாய், வியாழன், சனி காலை பத்திலிருந்து ஒன்றுவரை. ஒழுங்காக வலியோடு வந்து சேர வேண்டும். பதினொரு வருடமாகக் கேட்காமலே வந்த தலைவலி, கூப்பிட்ட பிறகு ஒன்பது நாள் வரவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தேயிருந்தது. ஒன்பது நாளும் வெட்கத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் வேலை முடிந்து வந்து, கேட்க ஒன்றும் இல்லாததால், நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். புடவை மாற்றி, கைப்பை எடுத்து, செருப்பைக்கூட வாசலில் எடுத்து வைத்திருந்தாள்.

“ம், பேசுங்க.”

“என்னத்த?”

“எதையாவது. நல்லா நீளமா.”

வாழ்க்கையில் இப்படி ஒரு அழைப்பு எனக்கு வந்ததே இல்லை. லிப்டின் பிரேக்கை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் மின்சாரம் பிரேக்கைப் பிடிக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங், மின்சாரம் அதை விடுவிக்கிறது. ஆகவே மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நிற்பதுதான் லிப்டின் இயல்பு, ஓடுவதற்குத்தான் அனுமதி வேண்டும். இதை நாற்பது நிமிடம் சொன்னேன். துணைக்கு வருவதாக இருந்த மைத்துனன் நடுவில் வந்து சேர்ந்தான். சற்று நேரம் கேட்டுவிட்டு, “மாமா, எனக்கு லேசா வலிக்குது. நான் போய்க் காட்டட்டுமா?” என்றான்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள், தலையை ஆட்டிப் பார்த்தாள். “ம்ஹும். சுத்தமா இல்ல.”

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. நாற்பது நிமிடம், அதுவும் பிரேக். நான் நிரபராதி. ஆனால் அவள் சோர்ந்துபோனாள். “முதுகு வலிச்சதுதான் மிச்சம்,” என்று எழுந்து போய்க் கட்டிலில் விழுந்தாள். நான் பின்னாலேயே போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். இருபது நிமிடம் கழித்து இரண்டு விரல்கள் மேலே போயின.

“வந்துடுச்சு,” என்றாள், லாட்டரி விழுந்தவள் குரலில்.

அவளை டாக்ஸியில் ஏற்றினோம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை ஆறாமல் கொண்டுபோவதுபோல அந்த வலியைக் கொண்டுபோனோம். ஒவ்வொரு சிக்னலிலும் மைத்துனன் முன்சீட்டிலிருந்து திரும்பி, “இருக்கா அக்கா?” என்று கேட்டான். “இருக்குடா.” “கொறையலையே?” “நீ கேக்கக் கேக்க ஏறுது.” டிரைவர் எங்கள் மூவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் பஞ்சை வைத்தார். நான் பதற்றத்தில் பாதியில் விட்ட பிரேக் விளக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். ஏழாவது நிமிடத்தில் மனைவி கையை உயர்த்தினாள்.

“போயிடுச்சு.”

“நிஜமாவா?”

“நீங்க பேசிட்டேதான் இருக்கீங்க. ஆனா போயிடுச்சு.”

காலையில் நடந்ததைச் சொன்னோம். உட்கார்ந்திருந்தபோது வரவில்லை, படுத்ததும் வந்தது. டாக்டர் எந்தப் பக்கமாகப் படுத்தாள் என்று கேட்டார். இடப்பக்கம். “அதான். ஒருக்களிச்சுப் படுத்தா கீழ்ப்பக்கம் இருக்கிற மூக்குல ரத்தம் தேங்கி மடிப்பு வீங்கும். எல்லாருக்கும் வீங்கும். இவங்களுக்கு அந்தப் பக்கம் முள்ளு இருக்கு, வீங்கினா நல்லா அழுந்தும். உங்க பேச்சுக்கும் வலிக்கும் சம்பந்தமில்ல சார்.”

பேச்சு இல்லை, பக்கம். நான் அந்த வாக்கியத்தை டாக்டர் கையெழுத்தோடு பதிவேட்டில் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். வெளியே வந்ததும் மைத்துனனிடம் சொன்னேன். “கேட்டியா. உங்கம்மாகிட்டப் போய் வார்த்தைக்கு வார்த்தை சொல்லு.”

“சொல்றேன் மாமா,” என்றான் அவன். பிறகு யோசித்து, குத்த வேண்டுமென்று இல்லாமல், கண்ணாடிக் கடைக்காரனுக்கே உரிய அக்கறையோடு கேட்டான். “ஆனா அக்கா ஏன் தினமும் அந்தப் பக்கமே திரும்பிச்சு?”

மனைவி கைப்பையில் எதையோ தேடினாள். டாக்ஸி வரும்வரை தேடினாள்.

அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். அன்று காலை அவள் பச்சைக் கவுனும் தலையில் காகிதத் தொப்பியுமாக வார்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல், டாக்டர் வரைந்து காட்டியதை அவளுக்குச் சொன்னேன். வெளியே கீறலே கிடையாது, எல்லாம் மூக்குத் துவாரம் வழியாகத்தான். நடுச்சுவரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைச் சுவர்க் காகிதம் உரிப்பதுபோல் ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள், அடியில் இருக்கும் முள்ளை மட்டும் எடுப்பார்கள், சவ்வைத் திரும்பப் படுக்கவைத்து, அது நன்றாக ஒட்டும்வரை இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஒரு வாரம்.

அவள் முழுவதும் கேட்டாள். திரும்பவில்லை, அங்கே சுவர் தூரத்தில் இருந்தது.

“ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “அந்த ஐம்பத்திரண்டுல சிலது... வலிக்கல.”

“வலிக்கலன்னா?”

“வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்கல.”

பதிவேட்டில் பொய்ப் பதிவு. எனக்கு முதலில் வந்தது அந்த அதிர்ச்சிதான். என் தொழில் அப்படி. “எத்தன?” என்றேன்.

“கேக்காதீங்க.”

“இல்ல, தோராயமா.”

“ஐஸ் தொடர்ச்சிக்குக் கண்டிப்பா வலிக்கல.” அவள் தொப்பியைச் சரிசெய்தாள். “ஆபீஸ்ல ஒருத்தர் பேசுறத நடுவுல வெட்டக் கூடாதுங்க. அவங்களா வைக்கிறவரைக்கும் கேக்கணும். வீட்டுக்கு வந்தா நிறுத்தச் சொல்ல இது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. இனிமே அதையும் சொல்ல முடியாது. என்ன சொல்றதுன்னே தெரியல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தலைவலியின் நிழலில் அவளைப் போலவே நானும் ஒதுங்கியிருந்திருக்கிறேன். அவள் திரும்பிப் படுத்தபோதெல்லாம் பாவம், வலி என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. இன்று மதியத்துக்குள் முள் போய்விடும். அதன்பிறகு அவள் திரும்பினால் அது என்னிடமிருந்து திரும்புவதுதான், வேறெதுவும் இல்லை. பதினொரு வருடமாக அந்த வலி ஒழிய வேண்டும் என்று அலைந்தவன், தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லப் பார்த்தேன்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. ஒரு வாரம் அவள் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். நான் மூக்கைக் கழுவ உப்புத் தண்ணீர் கலந்து கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், பேசவில்லை. தகடுகளை எடுத்த பிறகும் பேசவில்லை. பேசினால் அவள் திரும்புவாளா மாட்டாளா என்பது தெரிந்துவிடும்; பேசாதவரை தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து அவள் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கும். ஆறு வாரம், ஒரு தலைவலிகூட இல்லை. மைத்துனன் பார்க்க வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா, உங்களுக்கும் ஏதாவது ஆபரேஷன் பண்ணிட்டாங்களா?” என்றான்.

கடைசிப் பரிசோதனைக்கு நாங்கள் இருவர் மட்டும் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். காலையிலிருந்து மழை. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். ஆஸ்பத்திரி லிப்டில் இறங்கியபோது அதன் கயிறு இழுபடும் சத்தத்தைக் கேட்டதிலிருந்தே என் நாக்கு சும்மா இல்லை. மூன்று நிறுத்தம்வரை அடக்கினேன். நான்காவதில் முடியவில்லை.

“அந்த லிப்ட் கூண்டு தனியாத் தொங்கலன்னு தெரியுமா,” என்றேன். “கயிறு மேல போய்ச் சக்கரத்துல வளைஞ்சு அந்தப் பக்கம் இறங்குது. அந்த முனையில ஒரு எடை தொங்குது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். மூன்றாவது வாக்கியம்தான்.

வாய் மட்டும் கொஞ்ச தூரம் தானாக ஓடியது. “கூண்டோட எடையும் பாதி ஆளுங்க எடையும் சேந்தா எவ்வளவோ, அவ்வளவு. அதனால மோட்டார் எல்லாத்தையும் தூக்குறதில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த மட்டும்தான்...”

நிறுத்திவிட்டேன். அவள் விரல்கள் புருவத்துக்குப் போகவில்லை. இரண்டு கையும் மடியில் பையின் மேல் இருந்தன. கன்னமும் காதோரமும் மட்டும் எனக்குத் தெரிந்தன. பஸ் ஒரு சிக்னலில் நின்றது. மழையில் குளிர்ந்த கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது அவள் முகம். மூச்சு பட்டு, கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள் தோன்றின. ஒரே அளவு. சுருங்கின, மறுபடி விரிந்தன.

அவள் பையிலிருந்து ஒரு கையை எடுத்தாள். இடப்பக்க வட்டத்துக்குள் விரல் நுனியால் ஒரு சின்னப் பெட்டி போட்டாள். பெட்டியின் தலையிலிருந்து ஒரு கோடு நேராக மேலே போனது, வளைந்தது, மெதுவாகக் கீழே இறங்கி வலப்பக்க வட்டத்துக்குள் வந்தது. அங்கே, எடை தொங்க வேண்டிய இடத்தில், விரல் நின்றது. பஸ் கிளம்பியது. அடுத்த மூச்சில் கோடு பாதி மறைந்தது. விரலை அவள் எடுக்கவில்லை.